செக்கப் செய்வோமா, விடுவோமா? யாழ்ப்பாணத்துக் குடும்ப வைத்தியர் ஒருவரின் பதில்கள்

ஒன்றை முதலே சொல்லிவிடுகிறேன். இங்கே பேசுவது வருத்தம் ஒன்றும் இல்லாதவர்கள் முன்கூட்டிச் செய்யும் பரிசோதனைகளைப் பற்றி மட்டும்தான். கட்டி, இரத்தப்போக்கு, காரணமில்லாத மெலிவு என்று ஏதாவது இருந்தால் இதை வாசித்துக்கொண்டிருக்காமல் டொக்டரிடம் போங்கள்.

கேள்வி (கொக்குவில், ஓர் அம்மா): கனடாவில் இருக்கும் மகன் எங்கள் இருவருக்கும் 'ஃபுல் பொடி செக்கப்' செய்யக் காசு அனுப்பியிருக்கிறான். புற்றுநோய்க்கான இரத்தப் பரிசோதனையும் அதற்குள் இருக்கிறதாம். செய்வோமா?

மகனின் அன்பில் நான் குறை சொல்ல மாட்டேன், அம்மா. ஆனால் அந்தப் பட்டியலை ஒருக்கா எடுத்துப் பாருங்கள். ரிப்போட்டில் 'சாதாரண அளவு' என்று போடுவது பெரும்பாலும் சுகதேகிகளில் நூற்றுக்கு 95 பேர் அடங்கும் எல்லை. மீதி 5 பேர் சுகமாக இருந்துகொண்டே எல்லைக்கு வெளியே நிற்பார்கள். ஒன்றோடொன்று தொடர்பில்லாத 20 பரிசோதனை செய்தால், ஒரு வருத்தமும் இல்லாத ஆளுக்குக்கூட ஏதாவது ஒன்று எல்லைக்கு வெளியே வர 64 வீத வாய்ப்பு இருக்கிறது. அதற்குப் பிறகு ஒரு ஸ்கேன், அதற்குப் பிறகு கொழும்புக்கு ஒரு பயணம், இடையில் நித்திரை இல்லாத இரவுகள்.

புற்றுநோய் இரத்தப் பரிசோதனை என்று அதில் வருவது அநேகமாக சீஏ 125, சீஈஏ போன்றவை, அதாவது சில புற்றுநோய்களில் இரத்தத்தில் கூடக்கூடிய புரதங்களின் அளவு. மாதவிடாயிலும், கருப்பையில் சாதாரணத் தசைக்கட்டி இருந்தாலும் சீஏ 125 கூடும். புகைப்பவருக்கு சீஈஏ கூடும். பிரித்தானியாவில் 2 இலட்சத்துக்கு மேற்பட்ட பெண்களை வைத்து, சீஏ 125, ஸ்கேன் இரண்டாலும் சூலகப் புற்றுநோயைத் தேடிப் பார்த்தார்கள். 2021இல் முடிவு வந்தது. அந்தப் புற்றுநோயால் வரும் இறப்பு குறையவில்லை.

உங்கள் இருவருக்கும் வேண்டியது பிரசரும் சீனியும். 35 வயது கடந்தவர்களுக்கு அரசாங்கத்தின் ஆரோக்கிய வாழ்க்கை நிலையங்களில் காசில்லாமலே பார்ப்பார்கள். மகன் அனுப்பியதில் நடக்க நல்ல சப்பாத்து வாங்குங்கள்.

கேள்வி (சாவகச்சேரி, 61 வயது ஆண்): லண்டனில் இருக்கும் மச்சான் பீஎஸ்ஏ பரிசோதனை செய்து, புரொஸ்ரேற் புற்றுநோயை நேரத்தோடு பிடித்துத் தப்பிவிட்டார். நானும் செய்யட்டோ?

பீஎஸ்ஏ என்பது ஆண்களுக்குச் சலப்பைக்குக் கீழே இருக்கும் புரொஸ்ரேற் சுரப்பியிலிருந்து இரத்தத்தில் கலக்கும் ஒரு புரதம், அதன் அளவைத்தான் பார்ப்பார்கள். மச்சான் தப்பியது அந்தப் பரிசோதனையாலா என்று அவராலும் சொல்ல முடியாது, என்னாலும் முடியாது. இந்தப் புற்றுநோய் பலருக்குச் சாகும்வரை ஒரு தொல்லையும் கொடுக்காமல் உள்ளே கிடக்கும். கண்டுபிடிக்காமல் விட்டிருந்தாலும் அவர் இன்றைக்கு உங்களோடு போனில் கதைத்துக்கொண்டிருந்திருக்கலாம்.

அமெரிக்கத் தடுப்பு மருத்துவ நிபுணர் குழு 2018இல் வெளியிட்ட கணக்கைச் சொல்கிறேன். 55 முதல் 69 வயது வரையான 1000 ஆண்களை இந்தப் பரிசோதனைக்கு அழைத்தால், சுமார் 240 பேருக்கு அளவு கூடி வரும். சின்னத் துண்டு எடுத்துப் பார்க்கும் பயொப்ஸியில் 100 பேருக்குப் புற்றுநோய் என்று தெரியும். 80 பேர் சத்திரசிகிச்சையோ கதிர்ச்சிகிச்சையோ செய்வார்கள். அதில் 50 பேருக்கு ஆண்மைக் குறைவு, 15 பேருக்குச் சலத்தை அடக்க முடியாமை. இவ்வளவும் நடந்து, 13 வருடத்தில் தவிர்க்கப்படும் சாவு ஒன்று அல்லது இரண்டு. 5 பேர் எப்படியும் அந்தப் புற்றுநோயால் இறப்பார்கள்.

இப்போது பயொப்ஸிக்கு முன் எம்ஆர்ஐ பார்க்கும் வழக்கமும், வீரியம் குறைந்ததை வெட்டாமல் கண்காணிக்கும் வழக்கமும் வந்திருக்கின்றன. அதனால் பாதிப்புகள் இந்தக் கணக்கைவிடக் குறையலாம். 'அந்த ஒரு ஆள் நானாக இருந்தால்? மற்றதைத் தாங்குவேன்' என்றால் செய்யுங்கள். 'சலம் போகிறது தெரியாமல் வாழ ஏலாது' என்றால் விடுங்கள். இரண்டு முடிவும் சரிதான். தகப்பனுக்கோ சகோதரனுக்கோ வந்திருந்தால் செய்யும் பக்கம் கொஞ்சம் சாயலாம். 70 கடந்தவர்களுக்கு அந்தக் குழு வேண்டாம் என்றே சொல்கிறது.

கேள்வி (நெல்லியடி, 45 வயதுப் பெண்): மருத்துவமாது பாப் பரிசோதனைக்கு வரச் சொல்கிறா. எனக்கு ஒரு குறையும் இல்லை, வெட்கமாகவும் இருக்கிறது. போகத்தான் வேணுமோ?

போங்கள், தங்கச்சி. இதில் நான் இரண்டு பக்கமும் பேச மாட்டேன். பாப் பரிசோதனை என்பது கருப்பைக் கழுத்திலிருந்து கொஞ்சம் கலங்கள் எடுத்துப் பார்ப்பது. கருப்பைக் கழுத்துப் புற்றுநோய் வருவதற்குப் பல வருடங்களுக்கு முன்பே அங்கே மாற்றங்கள் தொடங்கிவிடும். அந்த நிலையில் பிடித்தால் சின்னச் சிகிச்சையோடு முடியும். தமிழ்நாட்டில், திண்டுக்கல் மாவட்டத்துக் கிராமங்களில், கருப்பைக் கழுத்தில் வினாகிரி தடவி, மாற்றம் தெரிகிறதா என்று ஒரே ஒரு தடவை பார்த்ததற்கே இந்தப் புற்றுநோய் வருவதும் அதனால் சாவதும் குறைந்தன. 2007இல் வெளியான ஆய்வு அது. நம் நாட்டில் 1996 முதல் பெண்களுக்கான இந்தக் கிளினிக் நடக்கிறது. 35, 45 வயதுகளில் கூப்பிடுவார்கள், இலவசம். வெட்கம் என்றால் மருத்துவமாதுவிடமே சொல்லுங்கள், யார் பார்ப்பார்கள் என்று அவ முன்கூட்டியே சொல்லுவா.

கேள்வி (வேலணை): 30 வருடமாகப் புகையிலையோடு வெற்றிலை போடுகிறேன். என்ன ஸ்கேன் எடுக்கலாம்?

ஸ்கேன் வேண்டாம், வாயைத் திறந்து பல் டொக்டரிடம் காட்டுங்கள். வெள்ளைப் படலம், சிவப்புத் திட்டு, ஆறாத புண், வாய் திறக்கக் கஷ்டம் இவற்றைத்தான் அவர் தேடுவார். கேரளத்தில் இப்படி வெறும் கண்ணால் பார்த்தே, புகையிலை, மது பாவிப்பவர்களிடையே வாய்ப் புற்றுநோய்ச் சாவைக் குறைத்துக் காட்டியிருக்கிறார்கள். புகையிலையை விடுவது பற்றியும் அதே வருகையில் கேளுங்கள்.

கேள்வி (ஓர் இளம் டொக்டர்): இவ்வளவும் விளக்கினாலும் கடைசியில் 'நீங்களே சொல்லுங்கோ டொக்டர்' என்கிறார்கள். என்ன செய்வது?

சொல்லுங்கள், ஆனால் கடைசியாகச் சொல்லுங்கள். அதற்கு முன் வீதக் கணக்கைத் தள்ளி வையுங்கள். 1000 பேரில் 2 சாவு 1 ஆனாலும் '50 வீதம் குறைந்தது' என்றுதான் விளம்பரம் வரும். நன்மைக்கும் தீமைக்கும் ஒரே 1000 பேரை வைத்துச் சொல்லுங்கள். 'ஐந்து வருடம் உயிரோடு இருந்தவர்கள்' என்ற கணக்கிலும் கவனம். 70 வயதில் இறக்கப்போகிறவருக்கு 67இல் கண்டுபிடித்தால் 3 வருடம் வாழ்ந்தார் என்பார்கள், 60இல் கண்டுபிடித்தால் 10 வருடம் என்பார்கள். செத்த நாள் அதேதான்.

பிறகு, 'ரிப்போட்டில் அளவு எல்லையைத் தாண்டி வந்தால் அடுத்து என்ன செய்வீர்கள்?' என்று கேளுங்கள். 80 தாண்டிய ஐயா ஒருவர் 'ஒப்பரேசன் மேசையில் ஏற மாட்டன்' என்று உறுதியாக நின்றால், அவருக்கு இரத்தம் எடுக்க வேண்டியதே இல்லை. ஆனால் கூட வந்த மகள்தான் பெரும்பாலும் விட மாட்டா. அவவையும் இருத்தி அதே கணக்கைச் சொல்ல வேண்டும், அவசரப்படாமல்.