பழைய டிரக் எஞ்சினைப் புதுப்பிக்கும்போது எந்த சிலிண்டர் ஹெட்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும்?

எஞ்சின் பிளாக்கின் மேல் மூடிபோல அமர்ந்திருப்பது சிலிண்டர் ஹெட். வால்வுகளும், காற்று வந்துபோகும் போர்ட்டுகளும், எரிபொருள் எரியும் அறையின் கூரையும் இதில்தான் இருக்கின்றன. எஞ்சினின் குணத்தைப் பெருமளவு தீர்மானிப்பதும் இதுவே.

டிரக்கின் வேலை பாரம் இழுப்பது. ஆகவே குறைந்த சுழற்சி வேகத்திலேயே இழுவிசை தேவை. போர்ட் மிகப் பெரிதாக இருந்தால் அந்த வேகத்தில் காற்று மந்தமாக நகரும். பெட்ரோல் சரியாகக் கலக்காது. தோட்டக் குழாயின் வாயை விரலால் சற்று அடைத்தால் நீர் சீறிப் பாய்கிறதல்லவா, அதேபோல அளவான போர்ட்டில் காற்று விரைந்து நுழைகிறது. டிரக்குக்கு அளவான போர்ட்டே மேல் என்பது என் உறுதியான கருத்து.

அடுத்தது எரியறையின் கொள்ளளவு. செவ்ரோலெட் 350 எஞ்சினை எடுத்துக்கொள்வோம். 1970களின் பல ஹெட்டுகளில் இது 76 சிசி. 1996இல் அதே நிறுவனத்திலிருந்து வந்த வோர்டெக் என்ற வகை ஹெட்டில் 64 சிசி. இதை மாற்றினாலே அழுத்த விகிதம், அதாவது சிலிண்டரில் கலவை எத்தனை மடங்கு சுருக்கப்படுகிறது என்ற அளவு, ஏறத்தாழ 1 புள்ளி உயரும். ஆனால் வோர்டெக்கில் இன்டேக் மேனிஃபோல்டை (காற்றை ஹெட்டுக்குக் கொண்டுசெல்லும் குழாய்த் தொகுதி) பொருத்தும் போல்ட் அமைப்பு வேறு என்பதால் அதற்குரிய மேனிஃபோல்டும் வாங்க வேண்டும். பலர் இந்தச் செலவைக் கணக்கில் சேர்ப்பதில்லை. பழைய ஹெட்டையே வைத்துக்கொள்வதானால், ஈயமில்லா பெட்ரோலைத் தாங்கும் கடினமான எக்ஸாஸ்ட் வால்வு சீட்டுகளை (புகை வெளியேறும் வால்வு மூடும்போது அமரும் வளையங்கள்) பொருத்துங்கள்.

அலுமினிய ஹெட் போட்டாலே சக்தி கூடிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். அலுமினியம் எடையைக் குறைக்கும், வெப்பத்தை விரைவாகக் கடத்தும், ஆனால் சக்தியைக் கூட்டுவது போர்ட்டும் எரியறையும்தான்.