மலிவு பேஸ் கிட்டாரில் நல்ல சத்தம் வரவைக்க முடியுமா? – கேள்வி பதில்

பேஸ் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொன்னதும் வந்ததில் முக்கால்வாசிக் கேள்விகள் ஒரே ரகம்தான்: விலை குறைந்த பேஸ் வாங்கியாயிற்று, சத்தம் சரியில்லை, எதைக் கழற்றி எதை மாட்டுவது? காசு செலவாகாத வேலைகளை எல்லாம் முடித்துவிட்டுத்தான் மற்றதற்குப் போகச் சொல்வேன். அதற்காகத் திட்டாதீர்கள்.

கேள்வி: அண்ணா, ஆன்லைனில் ஃபெண்டர் கம்பெனியின் ஜாஸ் பேஸ் மாடலுக்கு ஒரு காப்பி வாங்கினேன். சத்தம் அமுங்கிப்போய் வருகிறது, தடித்த ஈ ஸ்ட்ரிங்கில் எந்த நோட் என்றே தெரியவில்லை. நல்ல பிக்கப்பாகப் பார்த்து மாற்றிவிடலாமா?

பதில்: பொறுங்கள் தம்பி. கம்பெனியில் மாட்டிய ஸ்ட்ரிங்கோடு வாசித்துக்கொண்டிருந்தால் உங்கள் பிக்கப் (ஸ்ட்ரிங்கின் அதிர்வை மின் சிக்னலாக்கும் காந்தப் பகுதி) எப்படி என்று இன்னும் உங்களுக்கே தெரியாது. அந்த ஸ்ட்ரிங் பெரும்பாலும் மலிவானது, போதாததற்குக் குடோனில் மாதக்கணக்கில் கிடந்திருக்கும். 45–105 அளவில் (தடிமன், அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில்) நிக்கல் ரவுண்ட்வூண்ட், அதாவது உருண்டைக் கம்பி சுற்றிய செட் ஒன்று வாங்கிப் போடுங்கள். போடும்போது ஒரு விஷயம்: நீளம் அதிகமாக இருக்கிறதே என்று நேரே வெட்டிவிடாதீர்கள், வெட்டும் இடத்துக்குச் சற்று முன்னால் இடுக்கியால் செங்கோணமாக மடக்கிவிட்டு, மடக்கிய இடத்துக்கு அப்பால் வெட்டுங்கள். மடக்காமல் வெட்டினால் உள்கம்பியின் மேல் சுற்றியிருக்கும் சுற்று தளர்ந்து, புது ஸ்ட்ரிங்கே செத்துப்போன மாதிரி ஒலிக்கும். கடையைப் போய்த் திட்டிப் பயனில்லை.

டியூன் செய்த பிறகு உடலில் ஸ்ட்ரிங்கைத் தாங்கும் பிரிட்ஜில், சேடிலுக்கு (ஸ்ட்ரிங் உட்காரும் சின்னத் துண்டு) முன்னால் ஒவ்வொரு ஸ்ட்ரிங்கையும் கட்டைவிரலால் லேசாகக் கீழே அழுத்துங்கள், நெக்கின் தலைப்பக்கம் உள்ள நட் பக்கமும் அப்படியே. தடித்த ஸ்ட்ரிங் சேடில் மேல் வளைவாக ஏறி இறங்கும், அழுத்தினால் சரியாக உட்கார்ந்து நோட் தெளிவாகும். இதையெல்லாம் செய்து ஒரு மாதம் வாசித்த பிறகும் பிக்கப் பிடிக்கவில்லை என்றால் அப்போது பேசலாம்.

கேள்வி: ஈ ஸ்ட்ரிங் மட்டும் பெரிய சத்தம், மெல்லிய ஜி ஸ்ட்ரிங் கேட்கவே இல்லை.

பதில்: பிக்கப் உயரம். ஸ்ட்ரிங்கைக் கடைசி ஃப்ரெட்டில் (நெக்கின் குறுக்கே உள்ள கம்பி) அழுத்திப் பிடித்துக்கொண்டு, ஸ்ட்ரிங்குக்கும் பிக்கப்புக்கும் இடையே உள்ள இடைவெளியை அளந்து பாருங்கள். ஈ பக்கம் 3 மி.மீ. அளவும் ஜி பக்கம் 2 மி.மீ. அளவும் வைத்துத் தொடங்கி, மற்றதைக் காதால் முடிவு செய்யுங்கள். பக்கத்தில் இருந்தால்தான் கெத்து என்று ரொம்ப மேலே ஏற்றினால் காந்தம் ஸ்ட்ரிங்கை இழுத்து, நோட் சீக்கிரம் அடங்கிவிடும், சுருதியும் ஆடும்.

கேள்வி: வீடு கடற்கரைக்குப் பக்கம், கை வேறு வியர்க்கும். ஸ்ட்ரிங் வாங்கிக் கட்டுப்படியாகவில்லை. வெந்நீரில் கொதிக்க வைத்தால் புதிதாகிவிடுமாமே?

பதில்: ஆகும், கொஞ்ச நாளைக்கு. சுற்றுகளின் இடுக்கில் சேரும் அழுக்குதான் பளிச்சென்ற சத்தத்தைக் கொல்கிறது. வெந்நீர் அதை எடுத்துவிடும், ஆனால் இடுக்கில் ஈரம் நின்றால் துரு பிடிக்கும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் ஓர் இரவு ஊறவைத்துத் துடைப்பது இன்னும் நல்லது, அடுப்புப் பக்கம் மட்டும் வைக்காதீர்கள். எப்படிச் செய்தாலும் முதல் தடவை அளவுக்கு நிற்காது. வாசித்து முடித்ததும் பழைய பனியன் துணியால் அடிப்பக்கத்தையும் சேர்த்துத் துடைத்து வைப்பவருக்கு இந்தக் கேள்வியே அவ்வளவாக வராது.

கேள்வி: முதல் நாலைந்து ஃப்ரெட்டில் கரகரவென்று சத்தம் வருகிறது. பேஸே பழுதா?

பதில்: ஆம்பில் (ஆம்ப்ளிஃபையரில்) கேட்கிறதா, வெறும் காதில் மட்டுமா? ஆம்பில் கேட்காத கரகரப்புக்குக் கவலைப்பட வேண்டாம். கேட்கிறது என்றால் நெக் வளைவைப் பாருங்கள்: சுருதி சேர்த்த நிலையில் ஈ ஸ்ட்ரிங்கை முதல் ஃப்ரெட்டிலும் நெக் உடலோடு சேரும் இடத்திலும் அழுத்துங்கள், 7ஆவது, 8ஆவது ஃப்ரெட் பக்கம் ஒரு விசிட்டிங் கார்டு நுழையும் இடைவெளி, கிட்டத்தட்ட 0.3 மி.மீ., இருக்க வேண்டும். இடைவெளியே இல்லை என்றால் நெக் ரொம்ப நேராக இருக்கிறது, நெக்குக்குள் ஓடும் டிரஸ் ராட் என்ற கம்பியைக் கால் சுற்று தளர்த்துங்கள், மறுபடி சுருதி சேர்த்துப் பாருங்கள், தேவைப்பட்டால் மறுநாள் இன்னொரு கால் சுற்று. ஆலன் கீ சரியான அளவில் இல்லாமல் திருகாதீர்கள், முனை மழுங்கினால் அப்புறம் பெரிய செலவு. திரும்பவில்லை என்றால் பலம் காட்டாமல் கடைக்கு எடுத்துப் போங்கள். உடல் பக்கம் உள்ள மேல் ஃப்ரெட்டுகளில் மட்டும் கரகரப்பு என்றால் அது வேறு கதை, சேடிலைக் கொஞ்சம் உயர்த்தினால் பெரும்பாலும் போய்விடும்.

கேள்வி: சர்ச்சில் வாசிக்கிறேன். ஒரு பிக்கப் வால்யூமைக் குறைத்தால் "உம்ம்" என்று இரைச்சல், ஸ்ட்ரிங்கைத் தொட்டால் குறைகிறது. எர்த் பிரச்சினையா?

பதில்: தொட்டால் குறைகிறது என்றால் உள்ளே எர்த் வயர் சரியாகவே இருக்கிறது. உங்களுடையது ஜாஸ் பேஸ் வகையாக இருக்கும். ஜாஸ் பேஸின் இரண்டு பிக்கப்பும் சம அளவில் இருக்கும்போது ஒன்றின் இரைச்சலை மற்றொன்று அடித்துவிடும், ஒன்றைக் குறைத்தால் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் வெளியே வந்துவிடும். ஃபெண்டரின் இன்னொரு மாடலான பிரிசிஷன் பேஸின் பிக்கப் 1957 முதல் இரண்டாகப் பிளந்து வருவதால் அதில் இந்தத் தொல்லை இல்லை. உங்களுடையதில் பிக்கப் குழியிலும் வயரிங் குழியிலும் காப்பர் டேப் ஒட்டி, அந்த டேப்பை எர்த்தோடு சேர்த்து சால்டர் செய்யுங்கள். கேபிள் செருகும் ஜாக்கின் சிக்னல் முனை டேப்பில் படக்கூடாது, பட்டால் சத்தமே வராது. இரைச்சல் குறையும், முழுக்கப் போகாது. அப்புறம், மைக்கில் உதடு பட்டால் ஷாக் அடிக்கிறது என்று யாராவது சொன்னால் ஆம்பின் பிளக்கில் மூன்றாவது பின்னான எர்த் பின்னைப் பிடுங்கும் வேலையெல்லாம் வேண்டாம். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு அந்த இடத்தின் எர்த்தைப் பார்க்கச் சொல்லுங்கள், அதுவரை வாசிக்காதீர்கள்.

கேள்வி: ஆயில் கெப்பாசிட்டர் போட்டால் டோன் இனிக்குமாமே?

பதில்: டோன் நாப்போடு இணைந்திருக்கும் கெப்பாசிட்டரில் 0.047 மைக்ரோஃபாரட் என்ற அளவுதான் முக்கியம். எலக்ட்ரானிக்ஸ் கடையில் சில ரூபாய்க்குக் கிடைக்கும் சாதாரணக் கெப்பாசிட்டரே போதும்.

கேள்வி: அறுபதுகளின் பாட்டுகளில் வருமே, உருண்டையாக "தும் தும்" என்று. அதற்கு எந்த பேஸ் வாங்க வேண்டும்?

பதில்: வாங்காதீர்கள். அமெரிக்காவின் டெட்ராய்ட்டில் மோட்டவுன் இசைத்தட்டு கம்பெனிக்கு பேஸ் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சனை எடுத்துக்கொள்ளுங்கள்: 1962 பிரிசிஷன் பேஸ், தட்டைக் கம்பி சுற்றிய ஃப்ளாட்வூண்ட் ஸ்ட்ரிங், பிரிட்ஜ் மூடிக்கு அடியில் ஸ்பாஞ்ச், வலது கையில் ஆள்காட்டி விரல் ஒன்றுதான். அறுந்தால் ஒழிய ஸ்ட்ரிங்கை மாற்றமாட்டாராம். இதில் பேஸைத் தவிர மீதி எல்லாம் உங்களுக்கும் கிடைக்கும். பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சில் ஒரு துண்டு வெட்டி பிரிட்ஜ் பக்கம் ஸ்ட்ரிங்குக்கு அடியில் செருகி, டோன் நாப்பைப் பாதி குறைத்து, நெக் முடியும் இடத்துக்குப் பக்கத்தில் விரலின் சதைப்பகுதியால் வாசித்துப் பாருங்கள். பிடித்திருந்தால் ஃப்ளாட்வூண்டுக்குக் காசு போடுங்கள். விலை கூடுதல், ஆனால் வருஷக்கணக்கில் வரும். பெரும்பாலும் இறுக்கமும் கூடுதல் என்பதால் மாட்டியதும் நெக் வளைவை மறுபடி பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: வீட்டில் தனியாக வாசித்தால் அருமையாக இருக்கிறது. கச்சேரியில் குழுவோடு வாசித்தால் நான் இருப்பதே தெரியவில்லை.

பதில்: வீட்டில் ஆம்பின் பேஸ் நாப்பை முழுசாகவும் ட்ரெபிளை முழுசாகவும் ஏற்றி நடுவைக் குழியாக்கி வைத்திருப்பீர்கள், சரியா? தனியாகக் கேட்க அது சுகம். மேடையில் கீழே டிரம்ஸின் கிக், மேலே சிம்பல். நீங்கள் காலி செய்துவிட்ட அந்த நடுப்பகுதிதான் உங்களுக்கான இடம். ஈ ஸ்ட்ரிங்கின் அடிப்படை ஒலி 41 ஹெர்ட்ஸ், சின்ன ஸ்பீக்கர்களால் அதை ஒழுங்காகக் கொடுக்க முடியாது. காது அந்த நோட்டைக் கண்டுபிடிப்பது அதற்கு மேலே உள்ள ஹார்மோனிக்ஸை, அதாவது அதன் மடங்கு அதிர்வெண்களை வைத்து. அதனால் பேஸ் நாப்பைக் குறைத்து மிட் (நடு) நாப்பை ஏற்றுங்கள். தனியாகக் கேட்டால் மூக்கடைத்த மாதிரி இருக்கும், குழுவில் சரியாக உட்காரும். கையையும் கொஞ்சம் பிரிட்ஜ் பக்கம் நகர்த்திப் பாருங்கள்.

கேள்வி: எல்லாம் செய்துவிட்டேன் அண்ணா, இப்போதாவது பிக்கப் மாற்றலாமா?

பதில்: நெக் நேராக, ஃப்ரெட் சமமாக, சுருதி நிற்கிறது என்றால் தாராளமாக மாற்றுங்கள். நெக் முறுக்கிக்கொண்டிருந்தால் பிக்கப்புக்குப் போடும் காசைச் சேர்த்து வைத்து வேறு பேஸ் பாருங்கள். வாங்கும் முன் பழைய பிக்கப்பின் நீள அகலத்தை ஸ்கேல் வைத்து அளந்துகொள்ளுங்கள். மலிவு பேஸ்களில் குழியின் அளவு ஃபெண்டர் அளவோடு பல நேரம் ஒத்துவராது, ஜாஸ் பேஸின் இரண்டு பிக்கப்புமே ஒரே நீளமா வேறு வேறா என்பதும் பேஸுக்குப் பேஸ் மாறும். பழையதைத் தூக்கிப் போடாதீர்கள், விற்கும்போது கேட்பார்கள்.