தற்காப்புக் கலைப் பயிற்சியின் வழியாக நம் நனவை ஆராய முடியுமா? தியானத்திலிருந்து அது எவ்வகையில் வேறுபடுகிறது?

முடியும் என்பதே என் பதில். ஆனால் பயிற்சி செய்வதால் மட்டும் அது தானாக நிகழ்ந்துவிடாது. மட்டக்களப்பில் சிறுவயதில் சிலம்பமும் பின்னர் கராத்தேயும் பழகியவன் என்ற முறையில், உங்கள் கேள்வியின் இரண்டாம் பகுதியையே விரிவாக எடுத்துக்கொள்கிறேன்.

தியானத்தில் அமர்ந்திருப்பவரின் மனம் எங்கெங்கோ அலைந்து திரும்புவதற்குள் பல நிமிடங்கள் கழிந்துவிடலாம். அதை அவரைத் தவிர வேறெவரும் அறியார், பல வேளைகளில் அவரே அறியார். எதிரே ஒருவர் கம்புடன் நிற்கும்போது அப்படி இருக்க இயலாது. கவனம் பிசகிய அதே கணத்தில் முழங்கையிலோ கணுக்காலிலோ அடி விழுகிறது. தன் மனத்தைத் தானே கண்காணிப்பவருக்குத் தன்னை ஏமாற்றிக்கொள்ளும் வாய்ப்பு மிக அதிகம் என்பதால், வெளியிலிருந்து உடனுக்குடன் கிடைக்கும் இந்தச் சாட்சியை இக்கலைகள் தரும் மிகப் பெரிய கொடையாக நான் கருதுகிறேன்.

அடி விழுவதற்குச் சற்று முன் மனம் எங்கே இருந்தது என்று தேடிப் பார்த்தால், பெரும்பாலும் அது நன்றாக அமைந்த முந்தைய வீச்சிலோ எதிராளியின் கம்பு நுனியிலோ நின்றிருக்கும். கண்ணில் பட்ட ஒன்றுக்குக் கை அசைந்து பதில் கொடுக்க ஏறத்தாழக் கால் விநாடி தேவைப்படுகிறது. ஆகவே சுழன்று வரும் நுனியைப் பார்த்துத் தடுக்க முனைபவர் பெரும்பாலும் பிந்திவிடுவார். “கம்பப் பாக்காத மனே, ஆளப் பாரு” என்று எங்கள் ஆசானான அண்ணாவியார் ஓயாமல் சொல்வதன் பொருள் இதுதான். பார்வையை நெஞ்சளவில் தளர்வாக நிறுத்தினால் தோளின் அசைவும் இடுப்பின் திருப்பமும் காலடியின் மாற்றமும் ஒருசேரத் தெரிகின்றன. அப்போது தடுப்பு முதலில் நிகழ்ந்துவிடுகிறது. ‘நான் தடுத்தேன்’ என்ற எண்ணம் அதன் பின்னரே வந்து சேர்கிறது. செயலைச் செய்தது யார், உரிமை கோருவது யார் என்ற வினா, படித்து அறிந்த தத்துவமாக இல்லாமல் உடலில் நேர்ந்த அனுபவமாக அங்கே எழுகிறது.

ஜப்பானிய சென் (Zen) பௌத்தத் துறவி டகுவான் சோஹோ (1573–1645), ஜப்பானின் இராணுவ ஆட்சியாளரான ஷோகுனின் வாள் ஆசிரியர் யாக்யு முனெனோரிக்கு இதைப் பற்றியே எழுதினார். எதிரியின் வாளில் மனம் நின்றுவிட்டால் உன் கையும் நின்றுவிடும்; மனத்தை எந்த இடத்திலும் நிறுத்தாதே என்பது அவர் அறிவுரையின் சாரம். பள்ளிகளில் பரிசுக்காகக் கற்பிக்கப்படும் கராத்தேயில் இந்தப் பக்கம் ஏறக்குறைய மறக்கப்பட்டுவிட்டது எனக்குப் பெரும் வருத்தமே.

ஆனாலும் ஓர் எச்சரிக்கை அவசியம். பழகிய கை தானாக இயங்குவது விழிப்பு ஆகாது. உறக்கக் கலக்கத்திலும் சைக்கிள் ஓட்டுகிறோம் அல்லவா? வேகத்தில் பழக்கம் மனத்தை மூடிவிடும் என்பதால், ஆராய விரும்புபவர் மிக மெதுவாகப் பழக வேண்டும். மட்டக்களப்பின் கல்லடிக் கடற்கரை மணலில் விடியற்காலையில் கம்பின்றிக் காலடிப் பாடத்தை மட்டும் செய்யும்போது, எடை ஒரு பாதத்திலிருந்து மறுபாதத்துக்கு மாறும் அந்த இடைவெளியில், அடியெடுக்கும் எண்ணம் எப்போது எழுகிறது என்று நான் பார்ப்பது வழக்கம். கராத்தேயில் வரிசையாகத் தனித்துச் செய்யும் அசைவுத் தொகுப்பான காட்டாவையும் இவ்வாறே செய்யலாம்.

அனுபவத்தை அப்படியே நம்பிவிடவும் கூடாது. கடுமையான மோதலில் காலமே மெதுவாக ஓடியது என்று பலர் சொல்வார்கள். நானும் அவ்வாறு உணர்ந்ததுண்டு. அமெரிக்க நரம்பியலாளர் டேவிட் ஈகிள்மன் குழுவினர் 2007இல் வெளியிட்ட ஆய்வில், 31 மீற்றர் உயரத்திலிருந்து வலைக்குள் விழுந்தவர்களின் மணிக்கட்டில் மிக விரைவாக மாறும் எண்களைக் காட்டும் கருவியைக் கட்டியிருந்தார்கள். விழுந்தவர்கள் தங்கள் வீழ்ச்சியை நீண்டதாக மதிப்பிட்டார்கள். ஆயினும் அந்த எண்களை வழக்கத்தை விட நன்றாக வாசிக்க அவர்களால் முடியவில்லை. அச்சத்தின்போது நினைவு செறிவாகப் பதிவதால், பின்னர் எண்ணிப் பார்க்கையில் நேரம் நீண்டதாகத் தோன்றுகிறது என்று அவர்கள் விளக்கினார்கள். இது எனக்கு ஏமாற்றம் தரவில்லை. நினைவையும் அந்தக் கணத்து அறிவையும் பிரித்துப் பார்க்க வேண்டும் என்பதை அதிலிருந்தே கற்றேன்.

நீங்கள் கிழக்கிலங்கையில் இருப்பவரானால் தொலைவு போக வேண்டியதில்லை. கராத்தே வகுப்புகள் பல உள்ளன. முஸ்லிம் ஊர்களில் சீனடி, சிலம்படி ஆகிய மரபுத் தற்காப்புக் கலைகளை அறிந்த மூத்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். யாரிடம் சென்றாலும் முதலில் காலடியைக் கேட்டுப் பழகுங்கள்; மோதிப் பழகும் நாட்களில் வீடு திரும்பும் முன்பே, எந்த அடியின்போது மனம் எங்கே இருந்தது என்பதை ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். தாமதித்தால் மனம் வேறொரு கதையைச் சொல்லிவிடும்.