மேலூர் – திருப்பத்தூர்: விடியக் கிளம்பி இருட்டுமுன் திரும்ப

மேலூருக்கும் திருப்பத்தூருக்கும் நடுவே பேருந்து ஓட்டியே என் வேலைக்காலத்தில் பாதிக்குமேல் போனது. ஓய்வு பெற்ற பிறகும் மாதம் ஒரு தடவையாவது மகனுடைய காரை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் போய்வராமல் இருக்க முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஒருநாளில் போய்த் திரும்ப வழி கேட்டவர்களுக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நான் பேசுவது சிவகங்கை மாவட்டத்துத் திருப்பத்தூர். கைப்பேசியில் வெறும் 'திருப்பத்தூர்' என்று போட்டால் வாணியம்பாடிப் பக்கம் இழுத்துக்கொண்டு போய்விடும். சிவகங்கை என்பதையும் சேர்த்துப் போடுங்கள்.

நரிமேட்டிலிருந்து ஒரு தம்பி: அண்ணே, மேலூரிலிருந்து முப்பத்தஞ்சு கிலோமீட்டர்தானே? வீட்டில் சாப்பிட்டுவிட்டு மதுரையில் பத்து மணிக்குக் கிளம்பினால் போதாதா?

போதாது தம்பி. எல்லோரும் இந்த இடத்தில்தான் தப்புக் கணக்குப் போடுகிறார்கள். தூரம் குறைவுதான், நாலுவழிச் சாலையும் வந்துவிட்டது, சக்கரம் உருளுகிற நேரம் ஒன்றுமில்லை. ஆனால் அந்தப் பக்கத்தில் பார்க்கவேண்டிய எல்லாவற்றுக்கும் ஒரு நேரம் இருக்கிறது. கோயில்கள் பன்னிரண்டு, பன்னிரண்டரை வாக்கில் நடை சாத்திவிடும், பிறகு நாலு மணிக்குத்தான் திறப்பார்கள். கண்மாய்ப் பறவைகள் வெயில் ஏறுமுன் இரை தேடப் பறந்துவிடும். பாறை ஒன்பது மணிக்கே கால் வைக்க முடியாமல் சுடும். பத்து மணிக்குக் கிளம்பினால் கதவு சாத்துகிற நேரத்துக்குப் போய் நிற்பீர்கள். அப்புறம் நாலு மணி நேரம் காருக்குள் ஏசியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

மாட்டுத்தாவணியை அதிகாலை ஐந்தரைக்குத் தாண்டுங்கள். மேலூரில் ஒரு காப்பி. ஏழு மணிக்குக் கொள்ளுக்குடிப்பட்டிக் கண்மாய்க்கரை, வேட்டங்குடிப் பறவைச் சரணாலயம் அதுதான். எட்டரைக்குத் திருப்பத்தூரில் இட்லி, உடனே திருத்தளிநாதர் கோயில். பதினொன்றரைக்குள் இன்னொரு கோயில், அது பிள்ளையார்பட்டியா திருக்கோஷ்டியூரா என்பது உங்கள் விருப்பம். இரண்டையும் ஒரே காலையில் திணிக்காதீர்கள். பிள்ளையார்பட்டி கிழக்கே காரைக்குடி சாலையில், திருக்கோஷ்டியூர் தெற்கே சிவகங்கை சாலையில். எதிரெதிர் திசை இல்லை என்றாலும் ஒரே வழியும் இல்லை.

கோ.புதூரிலிருந்து ஒரு தாயார்: ஆறு வயதிலும் ஒன்பது வயதிலும் பிள்ளைகள். வேட்டங்குடி சரணாலயத்தில் உண்மையிலேயே பறவை தெரியுமா? போன சித்திரையில் போய் ஏமாந்துவிட்டோம்.

சித்திரையில் போனால் ஏமாற்றம்தான் தாயி, அது உங்கள் குற்றமில்லை. அது கூண்டு போட்ட பூங்கா இல்லை, கண்மாய். பெரிய கொள்ளுக்குடிப்பட்டி, சின்னக் கொள்ளுக்குடிப்பட்டி, வேட்டங்குடிப்பட்டி என்று மூன்று கண்மாயும் சேர்ந்ததுதான் சரணாலயம். 1977 முதல் இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் கண்மாய் நிரம்பினால்தான் பறவை இறங்கும். கார்த்திகையிலிருந்து மாசி வரை நல்ல காலம். மழை பொய்த்த வருடம் என்றால் அங்கே போவதை விட்டுவிடுங்கள்.

நிறைந்த வருடத்தில் போய்ப் பாருங்கள். தண்ணீருக்குள் நிற்கிற கருவேல மரம் ஒவ்வொன்றும் வெள்ளையாகப் பூத்த மாதிரி இருக்கும். பிள்ளைகளுக்கு நத்தைகுத்தி நாரையைக் காட்டுங்கள். அலகை மூடினாலும் நடுவில் ஒரு இடைவெளி தெரியும், அதை வைத்தே கண்டுபிடித்துவிடலாம். நத்தையைப் பிடித்துத் தின்ன அந்த அலகுதான் அதற்குக் கருவி. கரண்டிவாயன் பெயரிலேயே இருக்கிறது, பிள்ளைகள் தானாகவே சொல்லிவிடுவார்கள். சாம்பல் நாரை, நீர்க்காகம், அரிவாள்மூக்கன் எல்லாம் இருக்கும்.

இன்னொன்றையும் பிள்ளைகளிடம் சொல்லுங்கள். குஞ்சுகள் மிரண்டுவிடும் என்பதற்காக அந்த ஊர்க்காரர்கள் தலைமுறை தலைமுறையாகத் தீபாவளிக்கு வெடி போடுவதில்லை. நான் பேருந்து ஓட்டிய காலத்தில் தீபாவளி அன்று மேலூரில் காது அடைத்துவிடும், அந்த ஊர்ப் பக்கம் வந்தால் கொக்குச் சத்தம் மட்டும் கேட்கும். அந்த மக்கள் மேல் எனக்குள்ள மரியாதையைச் சொல்லி முடியாது. அவர்களே பட்டாசைத் துறந்திருக்கும்போது நாம் ஆரனை அடிக்கலாமா? சாலையிலிருந்து திரும்பியதும் பாட்டையும் நிறுத்திவிடுங்கள்.

ஒத்தக்கடையிலிருந்து: அம்மாவுக்கு எழுபத்திரண்டு வயது, முழங்கால் வலி. பிள்ளையார்பட்டியா, திருக்கோஷ்டியூரா?

அம்மாவுக்குப் பிள்ளையார்பட்டி. மலையைக் குடைந்த குடைவரை என்றாலும் சன்னதிக்கு மலை ஏறவேண்டியதில்லை, தரையோடு நடந்து போகலாம். ஞாயிறும் சதுர்த்தியும் கூட்டம் நெருக்கும், வாரநாள் கிடைத்தால் புண்ணியம். திருக்கோஷ்டியூரில் கீழே சௌமியநாராயணரைச் சேவிப்பதில் கஷ்டமில்லை. ஆனால் இராமானுசர் ஏறி நின்று மந்திரத்தை எல்லோருக்கும் சொன்னதாகச் சொல்கிற அந்த அட்டாங்க விமானத்தின் மேல்நிலைக்குப் படி குறுகல், செங்குத்து. முழங்கால் வலிக்காரர்கள் ஏறவேண்டாம். அம்மாவைக் கீழே உட்காரவைத்துவிட்டு நீங்கள் மட்டும் ஏறினால் அவர்களுக்கு மனசு கேட்காது, அதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

திருமங்கலத்திலிருந்து: சுங்கச்சாவடிக் கட்டணம் போக வர இரண்டு முறை கட்டவேண்டுமா?

மதுரையிலிருந்து வந்தால் மேலூருக்கு முன்னால் சிட்டம்பட்டிச் சாவடி இருக்கிறது. இருபத்துநாலு மணி நேரத்துக்குள் திரும்பினால் இரண்டு முழுக் கட்டணம் இல்லை, ஒன்றரை மடங்குதான். பாஸ்டேக் இருந்தால் அதுவே கழித்துக்கொள்ளும். கணக்கில் பணம் இருக்கிறதா என்று முதல் நாள் இரவே பாருங்கள். பாஸ்டேக் செல்லாமல் போய் ரொக்கமாகக் கட்டினால் இரண்டு மடங்கு, யுபிஐ என்றால் ஒன்றேகால் மடங்கு. 2025 நவம்பரில் வந்த விதி இது.

கல்லூரி மாணவர்கள், தல்லாகுளம்: கீழவளவு மலை போகிற வழியில்தானே அய்யா? நாங்கள் நாலு பேர், பைக்கில்.

போகிற வழிதான். மேலூரிலிருந்து பத்து கிலோமீட்டருக்குள். நாலுவழிச் சாலையில் போனால் ஊர் தெரியாமலே தாண்டிவிடுவீர்கள், அதனால் ஊருக்குள் இறங்கிப் பஞ்சபாண்டவர் மலை என்று கேளுங்கள். பாண்டவருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, சமண முனிவர்கள் படுத்த கற்படுக்கைகள் அவை. மேலே பாறையில் தமிழிக் கல்வெட்டு, அதாவது பழைய தமிழ்-பிராமி எழுத்து, இருக்கிறது. தொண்டியைச் சேர்ந்த இலவோன் என்கிற உபாசகன் (துறவியாகாத அடியவர்) கொடுத்த பள்ளி, அதாவது முனிவர்கள் தங்குமிடம், என்பது செய்தி. எழுத்தில் சில தலைகீழாகவும் இடம்வலம் மாறியும் வெட்டப்பட்டிருக்கின்றன. தெரிந்துகொண்டு போனால்தான் கண்ணில் படும். தொண்டி கடற்கரை ஊர், அங்கிருந்து இங்கே வந்து ஒருவர் பாறையில் படுக்கை வெட்டிக் கொடுத்திருக்கிறார். பக்கத்திலேயே தீர்த்தங்கரர் சிற்பங்களும் உண்டு. சாக்பீஸ் போட்டு எழுத்தைத் தடவிப் படம் எடுக்காதீர்கள், கையாலும் தேய்க்காதீர்கள்.

இனி நான் சொல்வதைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். அந்தச் சுற்றுவட்டாரம் முழுக்கக் கிரானைட் வெட்டி எடுத்த பள்ளங்கள். மழைத் தண்ணீர் தேங்கிப் பச்சையாக, குளம் மாதிரி ஆசை காட்டும். குளமில்லை தம்பிகளா. குளத்துக்குக் கரை சரிவாக இருக்கும், கால் ஊன்றலாம். அங்கே நாலு பக்கமும் கத்தியால் அறுத்த மாதிரி நேர்ச்சுவர், பிடிக்க ஒரு பிடி கிடையாது. நல்ல நீச்சல்காரனும் ஏறமுடியாமல் களைத்துப் போவான். குளிக்க இறங்கவே இறங்காதீர்கள்.

பெயர் வேண்டாம் என்ற ஒரு சகோதரி: வழியில் பெண்கள் ஒதுங்க இடம் இருக்கிறதா? இதைக் கேட்கவே கூச்சமாக இருக்கிறது.

கூச்சப்படாதீர்கள் அம்மா, பயணத்தில் முதலில் கேட்கவேண்டிய கேள்வியே இதுதான். தண்ணீர் குடிக்காமல் அடக்கிக்கொண்டே வந்து உடம்பைக் கெடுத்துக்கொண்ட எத்தனையோ பெண்களை என் பேருந்தில் பார்த்திருக்கிறேன். பெட்ரோல் பங்குகளில் கழிப்பறை, குடிதண்ணீர், டயருக்குக் காற்று மூன்றும் இலவசமாகக் கொடுக்கவேண்டும் என்பது விதி. எண்ணெய் போடாவிட்டாலும் கேட்கலாம். பூட்டியிருந்தால் சாவி கேளுங்கள், உங்கள் உரிமை அது. மேலூரில் ஒரு தடவை, திருப்பத்தூரில் ஒரு தடவை நிறுத்திவிடுங்கள். நடுவில் கிராமத்துச் சாலைக்குள் போய்விட்டால் கிடைப்பது கடினம்.

திருநகரிலிருந்து ஓர் அப்பா: மகள் ஓட்டுநர் உரிமம் எடுத்து மூன்று மாதம். அவளை ஓட்டவிடலாமா?

தாராளமாக விடுங்கள், காலையில். மேலூர் தாண்டியதும் அவள் கையில் கொடுங்கள். நாலுவழிச் சாலை என்பதால் எதிரே யாரும் வரமாட்டார்கள் என்று மட்டும் அவள் நம்பக்கூடாது. ஊர்க்காரர்கள் அரைக் கிலோமீட்டர் சுற்றுவதற்குப் பதில் ஓரமாக எதிர்த்திசையிலேயே டூவீலரில் வருவார்கள். அறுவடை நேரத்தில் கதிர் ஏற்றிய டிராக்டர் பின்விளக்கு இல்லாமல் போகும். ஊர்ப்பக்கச் சாலையில் பாதிக்கு நெல் காயப்போட்டிருப்பார்கள், அதன்மேல் வண்டியை ஏற்றாதீர்கள், ஓரம்கட்டி மெதுவாகப் போங்கள். ஒரு மாடு குறுக்கே போனால் பின்னால் கன்று வரும், ஒரு ஆடு போனால் பின்னால் மந்தையே வரும். இருட்டிய பிறகு நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள். 1033 என்கிற நெடுஞ்சாலை உதவி எண்ணை அவள் கைப்பேசியில் போட்டுவையுங்கள்.

அண்ணாநகர்: மதியச் சாப்பாடு?

திருப்பத்தூரிலேயே பேருந்து நிலையத்தைச் சுற்றி மெஸ்கள் உண்டு, பன்னிரண்டரைக்குள் உட்கார்ந்தால் சூடாகக் கிடைக்கும். பிள்ளைகள் இருந்தால் புளியோதரை கட்டிக்கொண்டு போவதுதான் என் யோசனை. தை மாதம் என்றால் பனங்கிழங்கு, சித்திரை என்றால் நுங்கு. சாலையோரம் பார்த்தால் விடாதீர்கள்.

விளாங்குடியிலிருந்து: அக்டோபர் கடைசி வாரம் அலுவலக விடுமுறை. அப்போது போகலாமா?

வேண்டாம். 24ஆம் தேதி திருப்பத்தூரில் மருது சகோதரர்களுக்கு அஞ்சலி. 1801 அக்டோபர் 24 அன்று அவர்களைத் தூக்கிலிட்ட ஊரே அதுதான். 27 காளையார்கோவிலில் மருதுபாண்டியர் குருபூசை, 30 பசும்பொன்னில் தேவர் குருபூசை. அந்த வாரம் முழுக்கச் சோதனைச் சாவடி, மாற்றுப்பாதை என்று இருக்கும். வேறு எந்த வாரம் போனாலும் திருப்பத்தூரில் மருதுபாண்டியர் நினைவிடத்தைப் பார்க்காமல் திரும்பாதீர்கள். கோயில் சாத்தியிருக்கிற மதிய நேரத்துக்குப் பொருத்தமான இடம். அதேபோல் தை 3 அன்று சிராவயல் மஞ்சுவிரட்டு. மாடு பார்க்கப் போகிறவர்கள் போங்கள், பிள்ளையார்பட்டி போகிறவர்கள் அன்றைக்குத் தவிர்த்துவிடுங்கள்.

ஒரு தமிழாசிரியை, மேலூர்: ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளைக் கூட்டிப்போக ஆசை. திரும்பும்போது வேறு வழி உண்டா அண்ணா?

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன் டீச்சர். திரும்பும்போது வந்த வழியே வராதீர்கள். திருப்பத்தூரிலிருந்து வடமேற்கே சிங்கம்புணரி, அங்கிருந்து கொட்டாம்பட்டி, பிறகு திருச்சிச் சாலையில் தெற்கே மேலூர். கூடுதலாக ஒரு அரைமணி ஆகும். சிங்கம்புணரிப் பக்கம்தான் பிரான்மலை இருக்கிறது. பாரி ஆண்ட பறம்புமலை. அடிவாரத்தில் கொடுங்குன்றநாதர் கோயில், மலையுச்சியில் தர்கா.

காலையிலேயே நேரே திருப்பத்தூர் போகாமல் முதலில் திருவாதவூரில் தொடங்குங்கள். உங்களுக்குத் தெற்கே எட்டு, பத்து கிலோமீட்டர்தான். மாணிக்கவாசகர் பிறந்த ஊர் என்பது எல்லோருக்கும் தெரியும், கபிலர் பிறந்த ஊர் என்றும் அதையே சொல்கிறார்கள். கபிலர் ஊரில் கிளம்பி, பாரி மலையில் முடிகிற மாதிரி ஒரு நாளை வையுங்கள். இரண்டுக்கும் நடுவே சாலைவழி சுமார் ஐம்பது கிலோமீட்டர். முல்லைக்குத் தேர் கொடுத்ததைப் பாடமாகப் படித்த பிள்ளைகள், அந்த மலை தங்கள் ஊருக்கு இத்தனை பக்கம் என்று கண்ணால் பார்க்கட்டும். பாரி இறந்தபின் அவன் பெண்களைக் கபிலர் கூட்டிக்கொண்டு போன கதையை அடிவாரத்திலேயே உட்காரவைத்துச் சொல்லுங்கள். என் பேத்திக்கு அங்கேதான் சொன்னேன். மலையைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

பிள்ளைகளோடு என்றால் சரணாலயத்தையோ பிள்ளையார்பட்டியையோ சேர்க்காதீர்கள். மலை ஏறவும் வேண்டாம், மாலை நாலு மணிக்குக் கோயிலும் அடிவாரமும் போதும். ஐந்தரைக்குக் கிளம்பினால் ஏழுக்குள் மேலூர்.

கே.கே.நகர்: அப்படியே அரிட்டாபட்டியையும் பார்த்துவிடலாமா?

அது மேலூருக்கு இந்தப் பக்கம், திசையே வேறு. 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்த ஊர். டங்ஸ்டன் சுரங்கம் வேண்டாமென்று சுற்றியுள்ள ஊர்களெல்லாம் திரண்டு நின்று, 2025 ஜனவரியில் ஏலத்தை ரத்து செய்ய வைத்த மண். குடைவரைக் கோயில், சமணப் படுக்கை, வல்லூறு பறக்கிற குன்றுகள் என்று ஒரு முழுக் காலை வேண்டும். வேறொரு ஞாயிறு வையுங்கள்.

செல்லூரிலிருந்து: எங்களிடம் கார் இல்லை. பேருந்தில் இதெல்லாம் முடியுமா?

முடியும். மாட்டுத்தாவணியிலிருந்து காரைக்குடி போகிற வண்டி அடிக்கடி உண்டு, திருப்பத்தூர் வழியாகத்தான் போகும். ஏறும்போதே பைபாஸில் இறக்கிவிடுகிற வண்டியா, ஊருக்குள் பேருந்து நிலையம் போகிற வண்டியா என்று நடத்துநரிடம் கேட்டுவிடுங்கள். திருப்பத்தூரிலிருந்து பிள்ளையார்பட்டிக்கும் திருக்கோஷ்டியூருக்கும் வண்டிகள் கிடைக்கும். கொள்ளுக்குடிப்பட்டிக்குச் சாலையில் இறங்கி உள்ளே நடக்கவேண்டும், தொப்பியும் தண்ணீரும் எடுத்துக்கொள்ளுங்கள். சன்னலோரம் இடப்பக்கம் பார்த்து உட்காருங்கள். காலையில் கிழக்கே போகும்போது வெயில் வலப்பக்கம் அடிக்கும்.