5 மாதக் குழந்தைக்குத் தலை பெரிதாக இருந்தால் பயப்பட வேண்டுமா?

5 மாத மகனுக்குத் தலைச் சுற்றளவு 45 செ.மீ., தெருவில் ஆளாளுக்கு ஏதேதோ சொல்கிறார்கள், தூக்கமே இல்லை என்று மேலூரிலிருந்து கேட்டிருக்கிறீர்கள். உலக சுகாதார நிறுவன அட்டவணைப்படி இந்த வயது ஆண் குழந்தைக்குச் சராசரி சுமார் 42.6 செ.மீ.; 45 என்பது வழக்கமான மேல்வரம்பை ஒட்டிய அளவு. அதனால் மட்டும் நோய் என்று ஆகிவிடாது.

ஒரு தடவை எடுத்த அளவைவிட வளரும் வேகம்தான் முக்கியம். முதல் 3 மாதம் மாதத்துக்கு சுமார் 2 செ.மீ., அடுத்த 3 மாதம் 1 செ.மீ., அப்புறம் அரை செ.மீ. பிறந்ததிலிருந்தே தலை பெரிது, வளர்ச்சி அட்டையில் அதே கோட்டை ஒட்டியே வளர்கிறது, பிள்ளை சிரித்து விளையாடுகிறான் என்றால் பெரும்பாலும் குடும்ப வாகுதான். உங்கள் இருவர் தலையையும் அளந்து பாருங்கள்; மருத்துவரும் அதைக் கேட்பார். டேப்பைப் புருவத்துக்குச் சற்று மேலும், பின்மண்டை துருத்தும் இடத்திலும் வைத்துச் சுற்றுங்கள். நைந்த துணி டேப் வேண்டாம், அளவு தப்பும்.

அட்டையில் அந்தக் கோட்டைத் தாண்டி வேகமாக ஏறினால், மூளையில் நீர் கோத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். உச்சிக்குழி மூடாததால் அதன் வழியே அல்ட்ராசவுண்ட் (ஒலி அலை) ஸ்கேன் எடுக்கலாம். வலியோ கதிர்வீச்சோ கிடையாது.

அழாதபோதும் உச்சிக்குழி புடைத்திருப்பது, கண் கீழ்நோக்கியே நிற்பது, விடாத வாந்தி, வலிப்பு, எழுப்பினாலும் விழிக்காத சோர்வு: இதில் எது இருந்தாலும் உடனே மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். இல்லையென்றால், பழைய அளவுகள் உள்ள அட்டையோடு இந்த வாரமே குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். அதுவரை யார் சொன்னாலும் தலையை அமுக்கி உருவிவிட மட்டும் விடாதீர்கள்.