சர்வர் இருக்கட்டும், அந்த அக்கவுன்ட் யார் பேரில் இருக்கிறது?

கேள்வி: திருப்பூரில் சின்ன பனியன் கம்பெனி. டேலி கணக்கு சாஃப்ட்வேரும் ஸ்டாக் கணக்கும் இரண்டு வருடமாக அமேசான் வாடகைக்கு விடும் கிளவுட் சர்வரில் ஓடுகின்றன. போட்டுக் கொடுத்தவர் மாதம் ஒன்பதாயிரம் வாங்கிக்கொண்டிருந்தார், இப்போது திடீரென்று பதினாறாயிரம் என்கிறார். பழையபடி ஆபீஸிலேயே சர்வர் வைத்துவிடலாமா?

பதில்: அதை அப்புறம் பார்ப்போம். முதலில், அக்கவுன்ட் யாருடைய இமெயிலில் திறந்திருக்கிறது என்று கேளுங்கள். அக்கவுன்ட்டை முழுசாக ஆளும் ரூட் லாகின் என்று ஒன்று உண்டு, அது யார் கையில் இருக்கிறதோ அமேசானைப் பொறுத்தவரை அவர்தான் முதலாளி, நீங்கள் மாதாமாதம் ஜிபேயில் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டுக்கு அங்கே மதிப்பே கிடையாது. எனக்குத் தெரிந்த ஒரு நூல் வியாபாரிக்கு எல்லாம் போட்டுக் கொடுத்த பையன் வேலை கிடைத்து துபாய் போய்விட்டான், லாகின் செய்தால் ஓடிபி அவன் போனுக்குப் போகிறது. அங்கே அவன் தூங்கி எழுந்தால்தான் இங்கே இவருக்கு வழி.

ஒரு விதிவிலக்கு உண்டு. அமேசான் சேவையை வாங்கி விற்கும் முறையான ரீசெல்லர் என்றால் பில் அவர் வழியாக வரலாம், ஜிஎஸ்டி இன்வாய்ஸ் உங்கள் பேரில் போட்டுத் தருவார், அதில் தப்பில்லை. ஆனால் அப்போதும் உங்கள் மெஷின், அதாவது அந்த வாடகை சர்வர், ஓடும் அக்கவுன்ட்டின் ரூட் இமெயில் உங்கள் கம்பெனியுடையதாக இருக்க முடியும். பில் கட்டுவது வேறு, சாவி வைத்திருப்பது வேறு. இரண்டும் ஒன்றுதான் என்று உங்கள் ஆள் சொன்னால் ஆளை மாற்றுங்கள்.

சரி, பதினாறாயிரம். அவர் எழுதித் தரும் துண்டுச்சீட்டு வேண்டாம், அமேசான் தரும் ஒரிஜினல் பில்லின் பிடிஎஃப் கேளுங்கள். படித்தால் தலை சுற்றும், சாதாரண வியாபாரிக்குப் புரியவே கூடாது என்று உட்கார்ந்து எழுதியது போல இருக்கும். நீங்கள் மணிக்கணக்கை மட்டும் பாருங்கள். மெஷின் ராத்திரி பகலாக ஓடினால் மாதத்துக்கு சுமார் 730 மணி நேரம். உங்கள் ஆபீஸ் நாளைக்குப் பத்து மணி நேரம், 26 நாள் என்றால் 260தான். ராத்திரியும் ஞாயிறும் மெஷினை நிறுத்தி வைத்தால் அதன் வாடகை ஓடாது, டிஸ்க் வாடகை மட்டும் ஓடும். அப்புறம் இன்டர்நெட்டில் மெஷினை அடையாளம் காட்டும் ஐபி முகவரி: 2024 பிப்ரவரியிலிருந்து ஒவ்வொரு பப்ளிக் ஐபிக்கும் மணிக்கு 0.005 டாலர். ஒன்று இருந்தால் பெரிய தொகை இல்லை, மறந்துபோன நாலைந்து இருந்தால் கடிக்கும். பழைய ஸ்னாப்ஷாட்களும், அதாவது டிஸ்க்கை எடுத்து வைத்த நகல்களும், அப்படித்தான், யாரும் அழிப்பதில்லை. செலவு இத்தனையைத் தாண்டினால் சொல்லும் பட்ஜெட் அலெர்ட் போட்டிருக்கிறோமே என்று நிம்மதியாக இருக்காதீர்கள், அது தானாக எதையும் நிறுத்தாது, மெயில்தான் அனுப்பும். அந்த மெயிலும் அவருக்குத்தான் போகும்!

ஆபீஸுக்கே திரும்புவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை, பத்துப் பேர் ஒரே கட்டடத்தில் உட்கார்ந்து டேலி போட கிளவுட் கட்டாயம் என்று யார் சொன்னது? பேக்கப் மட்டும் வேறு இடத்தில் இருக்கட்டும். 2021 மார்ச்சில் பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்கில் ஓவிஎச் என்ற கிளவுட் கம்பெனியின் டேட்டா சென்டர் எரிந்தபோது, பேக்கப்பையும் அங்கேயே வைத்திருந்தவர்கள் இரண்டையும் சேர்த்துத் தொலைத்தார்கள். கிளவுட் என்றாலும் கட்டடம்தானே. நீங்கள் பிரைவேட் லிமிடெட் என்றால், கணக்குப் புத்தகத்தின் பேக்கப் தினமும் இந்தியாவில் உள்ள சர்வரில் இருக்க வேண்டும் என்பது விதி, அமேசானின் மும்பை சர்வரோ ஹைதராபாத் சர்வரோ போதும்.

அவரிடம் சண்டைக்குப் போகும் முன் ஒரு வேலை. இன்று சாயங்காலம் எல்லோரும் டேலியை மூடியதும் ரிமோட்டில் உள்ளே போய், டேட்டா ஃபோல்டரில் எண்களைப் பெயராகக் கொண்ட ஃபோல்டர்களை அப்படியே உங்கள் ஹார்ட் டிஸ்க்குக்கு இறக்குங்கள், ஆபீஸ் கம்ப்யூட்டரில் ஒருமுறை திறந்தும் பாருங்கள். ரூட் இமெயிலை மாற்றச் சொல்லி அவருக்கு நாளைக்குப் போன் போடலாம்.