கொடுத்துட்ட மெஷினைத் திருப்பிக் கேக்கலாமா?

கேள்வி: பழைய வேக்குவம் க்ளீனர் சேர்க்கறது என் கிறுக்கு. மொத்தம் 14 இருந்துச்சு. சின்ன வீட்டுக்கு மாறினப்போ இடமில்லாம 6 மெஷினை ஒரே சாயங்காலத்துல கொடுத்துட்டேன். அதுல உருண்டையா பந்து மாதிரி இருக்குமே, ஹூவர் கான்ஸ்டலேஷன், அதுவும் போயிடுச்சு. ஹோஸ்ல விரிசல் விட்டிருந்ததால தள்ளிவிட்டேன். இப்ப அதே மாதிரி ஒண்ணு தேடி வாங்கியும் மனசு ஒட்டல. பழசை வாங்கிட்டுப் போனவர் நம்பர் இருக்கு, திருப்பிக் கேட்டா தப்பா? என் மனைவி சிரிக்கறாங்க.

பதில்: ஆறு கொடுத்தேன்னு எழுதியிருக்கீங்க, பேர் சொன்னது ஒண்ணு மட்டும்தான், கவனிச்சீங்களா? மத்த அஞ்சும் என்ன மாடல்னுகூட எழுதத் தோணல உங்களுக்கு. அதனால "எல்லாத்தையும் விட்டுட்டேனே"ன்னு புலம்ப வேண்டாம், அந்த அஞ்சும் போக வேண்டியதுதான், போயிடுச்சு, விடுங்க.

அந்த உருண்டை மட்டும் ஏன் உறுத்துதுன்னா, எனக்குத் தோணறதைச் சொல்றேன், நீங்க அதை இடத்துக்காகக் கொடுக்கல, ஹோஸுக்காகக் கொடுத்திருக்கீங்க. நானும் இந்தத் தப்பைப் பண்ணவன்தான். என்கிட்ட ஒரு பழைய அப்ரைட் (நிமிர்ந்து நின்ன வாக்குல தள்ளற மாதிரி மெஷின்) இருந்துச்சு, சுவிட்ச் போட்டா மோட்டார் பக்கத்து ஓட்டை வழியா நீலமா பொறி பறக்கும், கூடவே ஒரு கருகின வாசனை, சரி மோட்டார் செத்துடுச்சுன்னு நானே முடிவு பண்ணி ஒருத்தருக்குச் சும்மா தூக்கிக் கொடுத்துட்டேன். ஒரு வாரத்துல போன் பண்றார், மோட்டாருக்குள்ள கரண்டைக் கடத்தற கார்பன் பிரஷ் தேஞ்சிருந்துச்சாம், ரெண்டையும் மாத்தி, அது உரசற செப்பு வளையமான கம்யூட்டேட்டரைத் துடைச்சுவிட்டாராம், அவ்வளவுதான், ஜம்முனு ஓடுதுன்னு. விரல் நகம் அளவு ரெண்டு கரித்துண்டு சார்! இன்னிக்கும் அது நெஞ்சுல முள்ளு மாதிரி நிக்குது. ஆனா அதே வருஷம், சறுக்குக்கட்டை மேல படுத்து நகருமே அந்த மாதிரி சிலிண்டர் மெஷின் ஒண்ணை, நல்லா ஓடிட்டிருந்ததையே, அதைப் பார்த்துக் கண்ணை எடுக்காம நின்ன ஒரு பையனுக்குக் கொடுத்தேன், ஒரு நாள்கூட வருத்தப்பட்டதில்ல. கொடுத்தது வலிக்கல, அவசரப்பட்டுக் கொடுத்ததுதான் வலிக்குது.

அதனால மிச்சம் இருக்கற எட்டுல எதையாவது கழிக்க நினைச்சா, முதல்ல அதை ஓட வைங்க, அப்புறம் முடிவு பண்ணுங்க. பெல்ட், பிரஷ், ஹோஸ், பை இதெல்லாம் தேடினா கிடைக்கும், இல்லன்னா வேற மாடலோடதை வெட்டிப் பொருத்தலாம், இதுக்காக ஒரு மெஷினை விடாதீங்க. ஆர்மேச்சர், அதாவது மோட்டார்ல சுத்தற கம்பிச்சுருள் பாகம், எரிஞ்சு போனதுன்னா, பேகலைட்ங்கற அந்தக் காலத்துக் கெட்டி பிளாஸ்டிக் மூடி ரெண்டா பிளந்ததுன்னா, அப்ப யோசிக்கலாம். 1936-ல ஹென்றி டிரைஃபஸ் டிசைன் பண்ணின ஹூவர் 150 மாதிரி மெஷினோட அழகே அந்த பேகலைட் மூடிதான், ஒட்டினா ஒட்டின கோடு தெரிஞ்சுக்கிட்டே இருக்கும். ஆனா ஓட வைக்கறேன்னு பாத்தவுடனே பிளக்கைச் சொருகிடாதீங்க, துணி சுத்தின பழைய வயர்ல உள்ள இருக்கற ரப்பர் காஞ்சு பொடியா உதிரும், மெஷினுக்குள்ள நுழையற இடத்துல லேசா வளைச்சுப் பாருங்க, மொறுமொறுன்னு சத்தம் வந்தா வயரை மாத்தின பிறகுதான் கரண்ட். அடியில தகட்டுல எத்தனை வோல்ட்னு போட்டிருக்குன்னும் பாத்துடுங்க, 110 வோல்ட் மெஷினை 230-ல போட்டா வருத்தப்படக்கூட நேரம் இருக்காது. அப்புறம் எடுத்து வைக்கறப்போ பெல்ட்டைக் கழட்டி வைங்க, இழுபட்டே கிடந்தா அப்படியே தளர்ந்து போயிடும்.

இப்ப உங்க கேள்விக்கு வர்றேன். போன் பண்ணுங்க, அதுல என்ன தப்பு? ஆனா எடுத்த எடுப்புல "திருப்பிக் கொடுங்க"ன்னு ஆரம்பிக்காதீங்க, கொடுத்த பொருள் அவரோடது. எப்படி ஓடுது, ஹோஸை என்ன பண்ணினீங்கன்னு கேளுங்க, என்னிக்காவது விக்கறதா இருந்தா முதல்ல என்கிட்ட சொல்லுங்கன்னு ஒரு வார்த்தை சொல்லி வைங்க. மெஷினை ஓடவிட்டு அந்தச் சத்தத்தைப் பதிவு பண்ணி அனுப்பச் சொல்லுங்க, பாதி ஏக்கம் அதுலயே தீரும், நம்ம ஆளுங்களுக்குச் சத்தம்தானே எல்லாம்.

புதுசா வாங்கினது ஒட்டலைங்கறீங்க. கான்ஸ்டலேஷன் 1954-ல வந்தது, தான் வெளிய ஊதற காத்து மேலேயே மிதந்து நகரறதுதான் அதோட பெருமை, ஆனா ரொம்ப ஆரம்பத்துல வந்த மாடல்களுக்கு அந்த வசதி கிடையாது. பழசு மிதந்து, இது மிதக்கலன்னா ஒட்டாமத்தான் இருக்கும், ரெண்டும் ஒண்ணில்லையே. இல்ல, மிதக்கற மாடலேதான்னா, உள்ள இருக்கற பை ரொம்பியிருக்கான்னு பாருங்க, காத்து உள்ள வராட்டி வெளிய எப்படிப் போகும், எப்படித் தூக்கும்? வெளில எடுத்துட்டுப் போயி, மூக்கைக் கட்டிக்கிட்டு (யாரோ வீட்டுப் பல வருஷத் தூசி அது) பையை மாத்திட்டு, வழவழன்னு இருக்கற தரையில விட்டுப் பாருங்க. மிதந்துச்சான்னு எனக்கு ஒரு வரி எழுதுங்க. உங்க மனைவியையும் பக்கத்துல நிக்கச் சொல்லுங்க.